பிடுங்கினால் போதுமா? பதிலுக்கு என்ன கொடுப்பது?

ஏழாம் வகுப்பில் அன்று இரண்டு பக்கக் கதை ஒன்றை மௌனமாக வாசிக்கச் சொல்லியிருந்தேன். எளிய கதைதான். பத்து நிமிடம் போதும் என்று நினைத்தேன். நான்காவது நிமிடத்திலேயே தலைகள் நிமிரத் தொடங்கின. ஒருவன் பக்கத்தைப் புரட்டி இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான். இன்னொருத்தி ஜன்னல் வழியே இறங்கி வந்த மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் இருந்த மாணவன் கையை உயர்த்தினான்.

“டீச்சர், கதைய நீங்களே சொல்லிருங்க. சீக்கிரம் முடிஞ்சிரும்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு, “கடைசி வரி வரை யார் யார் வாசித்தீர்கள்?” என்று கேட்டேன். பதினேழு பேரில் மூன்று கைகள் உயர்ந்தன. “நேற்று இரவு யார் யார் கைப்பேசி பார்த்தீர்கள்?” என்றேன். ஒரு கைகூடக் கீழே இல்லை. என்ன பார்த்தார்கள் என்று கேட்டபோது வகுப்பறை சந்தைக்கடையானது. துப்பாக்கி விளையாட்டு, நகைச்சுவைத் துணுக்கு, சமையல், பேய்ப்படம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது கடைசி வரிசையில் அதிகம் பேசாத ஒரு மாணவி கேட்டாள்:

“நீங்க ராத்திரி என்ன டீச்சர் பண்ணுனீங்க?”

பதில் சொல்ல முடியவில்லை. முந்தைய இரவு பதினொன்றரை மணி வரை நானும் கைப்பேசியில்தான் இருந்தேன். கடைசியாக ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எப்போது வாசித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. நான் தமிழாசிரியை. கல்லூரி நாள்களில் விடுதி விளக்கை அணைத்த பிறகும் மாடிப்படி வெளிச்சத்தில் நாவல் வாசித்தவள். அந்த மாணவியின் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் முயற்சி தொடங்கியது.

கைப்பேசி மலை ஏறிய கதை

எங்கள் பள்ளி கொடைக்கானல் ஒன்றியத்தில் மேல்மலைக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் போகும் பக்கம். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் இவைதான் ஊரின் வாழ்வு. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளே எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த வீடுகளில் தொடுதிரைக் கைப்பேசி அரிது. கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. இணையவழி வகுப்புகளும் வந்தன. பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று பூண்டு விற்ற காசில் கைப்பேசி வாங்கிய பெற்றோரை எனக்குத் தெரியும். கோபுரம் கிடைக்கும் சாலைத் திருப்பத்தில் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்டதையும் பார்த்திருக்கிறேன். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது, பள்ளிகளும் திறந்தன. படிப்புக்கென்று வாங்கிய கைப்பேசி மட்டும் வேறு வேலைக்கு வீட்டிலேயே தங்கிவிட்டது.

இது எங்கள் மலையின் கதை மட்டுமில்லை. 2024ஆம் ஆண்டின் ‘ஏசர்’ கிராமப்புறக் கல்வி அறிக்கையின்படி, இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுள்ளவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் 82 விழுக்காட்டுக்கும் மேல். அவர்களிடம் கடந்த வாரம் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டபோது, கல்விக்காக என்றவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காக என்றவர்கள் சுமார் 76 விழுக்காடு.

எங்கள் ஊரில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. மாலை ஐந்தரைக்கே பனி இறங்கிவிடும். இருட்டினால் காட்டுமாடு தெருவுக்கே வரும். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்ப முடியாது. அம்மா அப்பா காட்டிலிருந்து வந்து, குளித்து, அடுப்பு மூட்டி, சோறாக்கும் வரையிலான இரண்டு மூன்று மணி நேரம் குளிரில் ஓர் அறைக்குள் கிடக்கும் பிள்ளைக்கு வேறு என்னதான் இருக்கிறது? கைப்பேசி அந்த இடத்தைத்தான் நிரப்பியது. நான் முதலில் இதைப் புரிந்துகொள்ளவில்லை.

முதல் முயற்சியும் அதன் தோல்வியும்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் அரை மணி நேரம் பேசினேன். கண் கெடும், படிப்பு கெடும், தூக்கம் கெடும் என்று அடுக்கினேன். “இனிமேல் பள்ளி நாள்களில் பிள்ளைகள் கையில் போன் கொடுக்கக் கூடாது” என்று எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்தேன். கைதட்டல்கூட விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து ஐந்து வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டில் பையன் போர்வைக்குள் வைத்துப் பார்க்கிறான். இன்னொரு வீட்டில் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறான். மூன்றாவது வீட்டில் மூன்று நாள் சண்டைக்குப் பிறகு அம்மாவே கொடுத்துவிட்டார். அவர் என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

“போனப் புடுங்கச் சொன்னீங்க டீச்சர், புடுங்கிட்டேன். சும்மா இருன்னா எவ்வளவு நேரம் இருப்பான்? அதுக்குப் பதிலா என்ன குடுக்கறதுன்னு நீங்க சொல்லலையே.”

நான் தவறவிட்டது அதைத்தான். ஒரு பழக்கத்தை எடுத்துவிட்டு அந்த நேரத்தை வெறுமையாக விட்டால், பழைய பழக்கமே திரும்பி வந்து உட்காரும். பதிலுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அது பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில், குறித்த நேரத்தில், நாள்தோறும் கிடைக்க வேண்டும். எங்கள் பள்ளியில் புத்தகங்கள் இல்லாமல் இல்லை. புத்தகப் பூங்கொத்து காலத்து நூல்கள் பீரோவில் இருந்தன. வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் கட்டுப் பிரிக்கப்பட்டு அடுக்கப்பட்டிருந்தன. ஊஞ்சலும் தேன்சிட்டும் வந்துகொண்டிருந்தன. பீரோ சாவி மட்டும் மேசை இழுப்பறையில் இருந்தது.

பிறர் என்ன செய்தார்கள்?

மீண்டும் தொடங்குமுன் இதே சிக்கலை வேறு ஊர்கள் எப்படிக் கையாண்டன என்று தேடினேன். மூன்று ஊர்கள் எனக்குப் பாடம் நடத்தின.

முதலாவது, மகாராட்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் உள்ள மோகித்யாஞ்சே வட்காவ் என்ற சிற்றூர். 2022 ஆகஸ்ட் முதல் அங்கே மாலை ஏழு மணிக்குச் சங்கு ஒலிக்கும். ஒலித்ததும் வீடுகளில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைக்கப்படும். எட்டரை வரை படிப்பு, வாசிப்பு, பேச்சு. தொடக்கத்தில் சிலர் சிரித்திருக்கிறார்கள். ஊராட்சிப் பணியாளர்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகச் சென்று பேசிய பிறகே அது நிலைத்தது. இதில் நான் கவனித்தது ஒன்று. அங்கே பிள்ளைகளுக்கு மட்டும் தடை இல்லை. ஒன்றரை மணி நேரம் பெரியவர்களும் அணைக்கிறார்கள்.

இரண்டாவது, அதே மாநிலத்தின் பிலார். மகாபலேசுவரத்துக்கும் பஞ்ச்கனிக்கும் இடையே, நம் கொடைக்கானல்போல் சுற்றுலாப் பயணிகள் வரும் மலைப்பகுதியில், ஸ்ட்ராபெரி விளையும் ஊர் அது. 2017 மே மாதம் அம்மாநில அரசு அதைப் ‘புத்தகக் கிராமம்’ ஆக்கியது. தனியாகப் பெரிய கட்டடம் எழுப்பவில்லை. வீடு, கோயில், பள்ளி என்று ஊருக்குள் 25 இடங்களில் புத்தகங்களை வைத்தார்கள். புத்தகம் தெருவில் நடக்கும்போது கண்ணில் படும் பொருளாகிவிட்டது.

மூன்றாவது, நம் மன்னார்குடி. 1931இல் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுவட்டக் கிராமங்களுக்கு அனுப்பினார். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். அரங்கநாதனின் எண்ணத்திலிருந்து பிறந்த முயற்சி அது. நூலகத்துறைக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் நூலாக வந்ததும் அதே 1931இல்தான். நூல் பூட்டி வைப்பதற்கானதன்று, பயன்படுத்துவதற்கானது என்பது அவற்றுள் முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற வாசகரும் சேர வேண்டும் என்பவை அடுத்த இரண்டு. என் இழுப்பறைச் சாவி முதல் விதியையே மீறிக்கொண்டிருந்தது.

பெரியவர்களும் சேர்ந்து செய்ய வேண்டும். புத்தகம் கண்ணில் பட வேண்டும். வாசகர் வராவிட்டால் புத்தகம் வாசகரைத் தேடிப் போக வேண்டும். மூன்று ஊர்களும் சொன்னது இவ்வளவே.

சூரியனைத் தினமும் பார்த்தவர்கள்

இன்னொரு பாடம் எங்கள் மலையிலேயே இருந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். 1899இல் நிறுவப்பட்டு, 1901 முதல் சூரியனைக் கவனித்து வரும் இடம் அது. வானம் தெளிவாக உள்ள நாள்களில் சூரியனைப் படமெடுத்து, நூறாண்டுக்கு மேலாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சூரியக் கரும்புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்செட் கண்டறிந்தது இங்கேதான்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஒரு மாணவன் கேட்டான்: “மேகமா இருந்தா என்ன டீச்சர் பண்ணுவாங்க?”

“அன்றைக்கு எடுக்க முடியாது. வானம் திறந்ததும் எடுப்பார்கள்.”

வாசிப்புப் பழக்கத்துக்கும் இது பொருந்தும் என்று அப்போது தோன்றியது. நாம் வழக்கமாகச் செய்வது குறிஞ்சி பூப்பதுபோல. 2018இல் பூத்தது, அடுத்து 2030இல்தான். புத்தக நாள் வந்தால் ஒரு விழா, ஊர்வலம், உறுதிமொழி, புகைப்படம். பிறகு அடுத்த ஆண்டு. விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பழக்கம் என்பது சிறிதாக, நாள்தோறும் நடப்பது. ஒருநாள் விட்டுப்போனால் அதற்காக வருந்தி நிறுத்திவிடாமல் மறுநாள் தொடர்வது.

பள்ளியில் நாங்கள் செய்தவை

தலைமை ஆசிரியரிடமும் மற்ற ஆசிரியர்களிடமும் பேசி, ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குக் கீழ்க்கண்டவற்றைத் தொடங்கினோம்.

ஒன்று, மதிய உணவுக்குப் பின் நாள்தோறும் வாசிப்பு நேரம். எடுத்தவுடன் இருபது நிமிடம் வைக்கவில்லை. முதல் வாரம் எட்டு நிமிடம்தான். குறுகிய காணொளிகளுக்குப் பழகிய பிள்ளைக்கு நீண்ட வாசிப்பு மலை ஏறுவதுபோல. மூச்சு வாங்கும். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டிரண்டு நிமிடம் கூட்டினோம். ஏழாவது வாரத்தில் இருபதைத் தொட்டோம்.

இரண்டு, அந்த நேரத்தில் ஆசிரியரும் வாசிக்க வேண்டும். திருத்த வேண்டிய கட்டுரை ஏடு, பதிவேடு, கைப்பேசி எதுவும் மேசைமேல் இருக்கக் கூடாது. வருகைப் பதிவுகூட இப்போது கைப்பேசியில்தான் என்பதால், நாம் வேலைக்காகப் பார்க்கிறோமா, பொழுதுபோக்கிற்காகப் பார்க்கிறோமா என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. நாம் புத்தகம் வாசிப்பதை அவர்கள் கண்ணால் காண வேண்டும். எனக்கு இதுவே கடினமாக இருந்தது. முதல் வாரம் முழுதும் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

மூன்று, நூலை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். எட்டாம் வகுப்பு மாணவர் இரண்டாம் வகுப்புப் படக்கதையை எடுத்தாலும் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது.

நான்கு, நூல் மதிப்புரை எழுதச் சொல்வதில்லை. மதிப்பெண் இல்லை. “இதிலிருந்து நீ கற்ற நீதி என்ன?” என்ற கேள்வியும் இல்லை. வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம் மட்டும், விரும்பியவர் எழுந்து தான் வாசித்ததைப் பற்றிப் பேசலாம். பேசாவிட்டாலும் குற்றமில்லை.

ஐந்து, வாரத்தில் இரண்டு நாள் நான் ஒரு நீண்ட கதையை உரக்க வாசிப்பேன். மிகவும் சுவையான இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தை ஜன்னல் திண்டில் வைத்துவிடுவேன். இடைவேளையில் அதைச் சுற்றிக் கூட்டம் கூடும்.

ஆறு, பீரோவைத் திறந்து, புத்தகங்களை வகுப்பறைச் சுவரோரம் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ஈரக்காற்றில் தாள் உப்பிவிடும் என்பதால் மழைநாள்களில் மட்டும் பெட்டிக்குள் வைப்போம். சில புத்தகங்கள் கிழிந்தன. கிழிந்தது யாராவது எடுத்ததால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, பசையும் தாளும் வாங்கி, சனிக்கிழமை மாணவர்களையே ஒட்டச் சொன்னோம்.

வாசிக்கப் பிடிக்காதவனா, தெரியாதவனா?

இரண்டாவது வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாள்தோறும் புதிய புத்தகம் எடுப்பான். அட்டையைப் பார்ப்பான், படங்களைப் பார்ப்பான், வைத்துவிடுவான். மணி அடிப்பதற்குள் மூன்று புத்தகம் மாறிவிடும். கேட்டால், “நல்லால்ல டீச்சர், போர் அடிக்குது” என்பான். கைப்பேசி விளையாட்டில் ஊரிலேயே அவனை மிஞ்ச ஆளில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

ஒருநாள் தனியாக அழைத்து, மூன்றாம் வகுப்பு நிலையிலுள்ள ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். எழுத்தெழுத்தாகக் கூட்டினான். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முதல் வகுப்பில் அல்ல, பள்ளிகள் மூடப்படுமுன் இருந்த வகுப்பிலேயே நின்றுவிட்டான். மூன்று ஆண்டுகளாக நண்பர்களின் ஏட்டைப் பார்த்து எழுதியே காலத்தை ஓட்டியிருக்கிறான். நானும் அவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவனுக்குக் கைப்பேசி வெறும் பொழுதுபோக்கு இல்லை. எழுத்துத் தெரியாவிட்டாலும் வெல்ல முடிந்த ஒரே இடம் அது. அந்த இடத்தையும் பிடுங்கச் சொல்லித்தான் நான் கூட்டத்தில் பேசியிருந்தேன் என்பது உறைத்தபோது அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அதன்பின் ஆறு முதல் எட்டு வரை அத்தனை மாணவரையும் ஒவ்வொருவராக அழைத்து, ஒரு பத்தி வாசிக்கக் கேட்டேன். ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும். ஏழு பேர் சரளமாக வாசிக்க முடியாதவர்கள் என்று தெரிந்தது. ஏழு பேரும் “வாசிக்கப் பிடிக்காது” என்று சொன்னவர்கள்தாம். ஆசிரிய நண்பர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இது: வாசிப்பைத் தொடங்குமுன் ஒவ்வொரு குழந்தையின் குரலையும் தனியே ஒருமுறை கேளுங்கள். தெரியாதவரைப் பிடிக்காதவர் என்று எண்ணிவிட்டால் நம் முயற்சி அவரைத் தொடாமலே போய்விடும்.

2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் நூல்கள் இங்கே கைகொடுத்தன. ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று நான்கு படிநிலைகளில் அமைந்த சிறு நூல்கள் அவை. ஆனால் எட்டாம் வகுப்பு மாணவன் கையில் ‘நுழை’ நூலைக் கொடுத்தால் மற்றவர்கள் முன் அவன் கூசிப்போவான். அதற்கு ஒரு வழி கண்டோம். “ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்ட அண்ணன்மார் வேண்டும்” என்று சொல்லி அந்த ஏழு பேரையும் அனுப்பினோம். வாசித்துக் காட்ட வேண்டுமானால் முன்கூட்டியே பழக வேண்டுமல்லவா? காலை வழிபாட்டுக்கு முந்தைய பதினைந்து நிமிடம் என்னிடம் வந்து பழகுவார்கள். எளிய நூலை எடுப்பதற்கு அவர்களுக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்தது. தப்பாக வாசித்தாலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள். “இன்னொருக்கா வாசிண்ணே” என்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

வீட்டில் ஓர் அரை மணி

பள்ளி வாசிப்பு ஓரளவு பிடிபட்ட பிறகு, மீண்டும் பெற்றோர் கூட்டம். இம்முறை நான் பேசியது ஐந்து நிமிடம்தான். போனைப் பிடுங்கச் சொல்லவில்லை. இரவு ஏழு முதல் ஏழரை வரை வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளையும் சாமி மாடத்தின் கீழோ, வேறு ஏதாவது ஓர் இடத்திலோ சார்ஜில் போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டோம். பிள்ளைகளுடையது, பெரியவர்களுடையது எல்லாம். அந்த நேரத்துக்குப் பள்ளியிலிருந்து துணிப்பையில் ஒரு புத்தகம் தினமும் வீட்டுக்கு வரும்.

“எங்களுக்கு வாசிக்கத் தெரியாதே” என்றார்கள் சில தாய்மார்கள். “நீங்கள் கேட்டால் போதும், அடுப்படியிலிருந்தே ‘ம்’ கொட்டுங்கள்” என்றேன்.

எல்லா வீடுகளிலும் இது நடந்துவிடவில்லை. சில வீடுகளில் இருப்பது ஒரே போன். வெளியூர் வேலைக்குப் போன அப்பா அழைப்பது அந்த நேரத்தில்தான். அந்த வீடுகளுக்கு நேரத்தை மாற்றினோம். பூண்டு எடுக்கும் நாள்களில் பெரியவர்கள் எட்டு மணிக்குத்தான் திரும்புவார்கள். அப்போது எல்லாம் தளர்ந்துவிடும். சில அப்பாக்கள் தொலைக்காட்சியை அணைக்க ஒப்பவே இல்லை. ஆனால் நடந்த வீடுகளில் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. பேத்தி வாசித்த கதையைக் கேட்ட ஒரு பாட்டி, “இது என்ன கதை, எங்க காலத்துல நடந்தத நான் சொல்றேன் கேளு” என்று தொடங்கியிருக்கிறார். சாலை வராத காலத்தில் குதிரை முதுகில் மூட்டையேற்றிக் கீழ்நாட்டுக்கு இறங்கிய கதை. பேத்தி அதை நான்கு பக்கம் எழுதி வந்தாள். அதையும் தைத்து, அட்டை போட்டு, கயிற்றில் தொங்கவிட்டோம். மற்ற பிள்ளைகள் அதிகம் எடுத்த நூல்களில் அதுவும் ஒன்று.

திரை எதிரியா?

இதை வாசிக்கும் நண்பர்கள் சிலர், திரையில் வாசித்தாலும் வாசிப்புத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாளில் வாசிப்பதையும் திரையில் வாசிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018இல் வெளியானது. அவற்றில் பங்கேற்றவர்கள் 1,70,000 பேருக்கும் மேல். ஒட்டுமொத்தமாகத் தாளில் வாசித்தவர்களே சற்று நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். தகவல் சார்ந்த பகுதிகளிலும், நேரம் குறிக்கப்பட்ட வாசிப்பிலும் இந்த வேறுபாடு தெரிந்தது. கதைகளை மட்டும் வாசித்தபோது அப்படி வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே திரையில் கதை வாசிக்கும் பிள்ளையைத் தடுக்க நான் சொல்ல மாட்டேன். பாடம் சார்ந்த வாசிப்பைத் தாளில் பழக்குவது நல்லது என்பேன்.

மிகச் சிறிய பிள்ளைகளின் நிலை வேறு. உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. நம் மாணவர்களின் தம்பி தங்கைகள் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். அக்கா புத்தகத்தை விரித்தால் தங்கையும் வந்து பக்கத்தில் உட்காருவாள். அதையும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லலாம்.

குறுகிய காணொளிகளின் சிக்கல் அவற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக வருகிறது. போதும் என்று நிறுத்தும் இடம் எதுவுமில்லை. புத்தகத்தில் பத்தி முடிகிறது, அத்தியாயம் முடிகிறது, நூலே முடிகிறது. முடிக்கும் மகிழ்ச்சி ஒன்று இருக்கிறது. பதினாறு பக்க நூலாக இருந்தாலும், “நான் ஒரு புத்தகத்தை முடிச்சிட்டேன்” என்று சொல்லும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

இப்போது

ஒரு கல்வியாண்டு முடியப்போகிறது. கைப்பேசி எங்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. விடுமுறை நாள்களில் பிள்ளைகள் இன்னும் மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். தேர்வுக் காலத்தில் வாசிப்பு நேரம் இரண்டு வாரம் நின்றுபோனது. மீண்டும் தொடங்கியபோது எட்டு நிமிடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. வாசிக்கத் தடுமாறிய ஏழு பேரில் ஐந்து பேர் இப்போது ‘ஓடு’ நிலை நூல்களை வாசிக்கிறார்கள். ஒருவன் குடும்பத்தோடு கீழ்மலைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். அவன் சேர்ந்த பள்ளி ஆசிரியருக்கு அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று எழுதி அனுப்பினேன். இன்னொருவன் இன்னும் தடுமாறுகிறான். அவனுக்காக வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று புத்தகம் மாற்றிய அந்த எட்டாம் வகுப்பு மாணவன், விளையாட்டை விட்டுவிட்டான் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். இன்னும் விளையாடுகிறான். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு வாரம் மூன்று நாள் தவறாமல் போகிறான். சென்ற மாதம் ஒரு காலையில் சீக்கிரமே வந்து, “டீச்சர், அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிறது எல்லாத்தையும் வாசிச்சிட்டேன். வேற குடுங்க” என்று நின்றான். நான் கொடுத்த பட்டங்களையும் பரிசுகளையும்விட அந்தக் கேள்வி பெரிது.

ஏழாம் வகுப்பில் நான் உரக்க வாசித்துப் பாதியில் நிறுத்திய கதையின் முடிவை ஒருநாள் சொல்லத் தொடங்கினேன். முன் வரிசையில் இருந்து அதே குரல் வந்தது: “சொல்லிராதீங்க டீச்சர். இன்னும் நாலு பக்கந்தான் இருக்கு, நானே முடிச்சிக்கிறேன்.”

கடைசி வரிசை மாணவி இப்போதும் அவ்வப்போது கேட்பாள்: “நேத்து என்ன டீச்சர் வாசிச்சீங்க?” பெரும்பாலான நாள்களில் என்னிடம் பதில் இருக்கிறது. பதில் இல்லாத நாளில், “நேற்று மேகம்” என்பேன். அவளுக்குப் புரியும்.

உங்கள் பள்ளியிலும் ஒரு பீரோ இருக்கும். சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாளை மதியம் எட்டு நிமிடம் போதும். முதலில் நீங்கள் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.